சுயம்பு தூக்காத கல்

"நீரு ஒம்பதாவது வக்கீலு."

சுயம்பு என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. வணக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதையும் என் தலைக்கு மேலிருந்த காலண்டரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"முந்துன எட்டுப் பேரும் என்ன ஆனாங்க அண்ணாச்சி?"

"எட்டும் களவாணிப் பயலுவ."

மும்பையில் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், இன்னொரு வக்கீலோடு பங்கு போட்ட அறையில் என் மேசை இருக்கிறது. நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு செம்மண் ஊர்க்காரன் நான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பெயர்ப் பலகையில் பட்டத்தைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். சுயம்பு அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

"பி.எல். எங்கன படிச்சீரு?"

"திருநெல்வேலியில."

"அப்பம் இங்கிலீசு வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்று தவணையில் உட்கார்ந்தார். முதலில் மேசையைப் பிடித்தார். பிறகு பாதி இறங்கி அப்படியே நின்று பல்லைக் கடித்தார். கடைசியில் நாற்காலியில் விழுந்தார். நாற்பத்தாறு வயது. முன்னாள் ஹவில்தார். முதுகுக்குள் கம்பி வைத்துத் தைத்ததுபோல நிமிர்ந்தே இருந்தார். அது ராணுவ மிடுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். வளைந்தால் வலிக்கும் என்பது பிறகு தெரிந்தது.

கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஃபைல். ஒன்றரைக் கிலோ இருக்கும்.

சுயம்பு பிறந்தது தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்பில். அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்து வரை படித்தார். கடையில் உட்கார மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்கு ரயிலேறி, ஆளெடுப்பில் ஓடி, 1999இல் ராணுவத்தில் சேர்ந்தார். பாலம் கட்டும் பிரிவு. இடையில் இரண்டு வருடம் பயிற்சி மையத்தில் டிரில் சொல்லிக்கொடுத்தார். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருவன் காலை மாற்றி வைத்தால், இந்தக் கோடியிலிருந்து அவனுடைய அப்பன் வரை போய்த் திட்டும் குரல் அவருக்கு. அந்தக் குரலில்தான் என் சின்ன அறைக்குள் தன் கதையைச் சொன்னார். கீழே ஜெராக்ஸ் கடைக்காரன் இரண்டு முறை மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"ரெண்டாயிரத்துப் பதினாலு செப்டம்பரு. ஆத்துக்குக் குறுக்க இரும்புப் பாலம் போடுதோம். ஒரு சட்டத்த ஆறு பேரு தூக்கணும். நனஞ்ச பாற. ஒருத்தன் வழுக்கிக் கைய விட்டுட்டான். அவன் பாரமும் எம்மேல வந்துட்டு. இடுப்புல டொக்குன்னு ஒரு சத்தம். எனக்கே கேட்டுது வே."

"ரிப்போர்ட் எழுதுனாங்களா?"

"மேல உள்ள ஆபீசர் சாப் சொன்னாரு, பேப்பரு போட்டா வெசாரண, சாட்சி, ஏகப்பட்ட கடபட், தொல்ல; ரெஸ்ட் எடு, சரியாயிரும்னாரு. பத்து நாளு மாத்திரையில ஓட்டுனேன். பெறவுதான் ஆஸ்பத்திரி."

விபத்து அறிக்கை இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வெறும் 'இடுப்பு வலி' என்று இருந்தது. 2016இல் பதினேழு வருடம் முடித்து வெளியே வந்தபோது மருத்துவக் குழு எழுதிய வரி இது: ஊனம் இருபது சதவீதம், ராணுவப் பணியால் ஏற்பட்டதல்ல, பணியால் அதிகமானதும் அல்ல. சாதாரண ஓய்வூதியம் அவருக்கு வருகிறது. ஊனத்துக்கான பகுதி மட்டும் கிடையாது. முதல் மேல்முறையீடு தள்ளுபடி. இரண்டாவதும் தள்ளுபடி. செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். கேட்டில் நிற்காமல் உட்கார்ந்தே இருக்கிறான் என்று நிறுத்திவிட்டார்கள். இனித் தீர்ப்பாயம் ஒன்றுதான் பாக்கி.

இரண்டாவது தள்ளுபடி உத்தரவை நான் அவர் எதிரிலேயே படித்தேன். எனக்கு இங்கிலீஷ் வரும் என்று காட்ட வேண்டியிருந்ததால் சத்தமாகவே படித்தேன். ஐந்தாவது பத்தியில் என் குரல் தானாக இறங்கியது. அதன் சாரம் இதுதான்: மனுதாரர் தாமே சமர்ப்பித்துள்ள சான்றிதழின்படி, காயம் பட்டதாகச் சொல்லும் நாளுக்கு நான்கு மாதம் கழித்து, விடுப்பில் இருந்தபோது, நூற்றுப்பத்து கிலோ கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் பரிசு பெற்றிருக்கிறார். எனவே அவருடைய இடுப்புக் கோளாறு பணியில் வந்தது என்பதை ஏற்க இயலாது.

"என்ன கல்லு அண்ணாச்சி இது?"

சுயம்பு மறுபடியும் காலண்டரைப் பார்த்தார்.

"எம்மவ அம்முதான் ஸ்கேன் பண்ணுனா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லேபர் கேம்புக்குப் போனேன். இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடி அறை. சுயம்புவின் மனைவி பிரபாவதி, தோல் பைகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தாமலேயே, "வாங்க. ஒம்பதாவதா?" என்றார்.

சான்றிதழ் சுவரில் தொங்கியது. லேமினேஷன் செய்து, மேலே சட்டமும் போட்டிருந்தது. மூலையில் யூனிஃபார்மில் சுயம்புவின் படம். 'வீரத்திருமகன் ஹவில்தார் சுயம்பு அவர்கள், 2015 தைப்பொங்கல் விழாவில் நூற்றுப்பத்து கிலோ இளவட்டக்கல்லைத் தனியொருவராய்த் தோளுக்கு மேல் தூக்கி நம் ஊரின் மானம் காத்தமைக்காக' என்று போய், சங்கச் செயலாளர் கணேசபாண்டியன் கையெழுத்தில் முடிந்தது. தாராவியில் எங்கள் பக்கத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் உண்டு. சுயம்புவின் பூர்வீக ஊர்ச் சங்கம், ஊரிலிருந்து வந்த பஸ்ஸின் வயிற்றில் ஏற்றி ஒரு இளவட்டக்கல்லையே கொண்டுவந்து போட்டிருக்கிறது.

அவருடைய மகள் அம்மு, காலேஜில் இரண்டாம் வருடம். தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "அண்ணா, அதுல அப்பா வர்தில, யூனிஃபார்ம்ல இருக்காரு. ஆர்மி சர்டிபிகேட்னு நெனச்சேன். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க நஹி ஆதா."

"அவளச் சொல்லாதீரும்" என்றார் சுயம்பு. "எல்லாத்தையும் வைன்னு நாந்தான் சொன்னேன். ஃபைலு வெயிட்டா இருக்கணும் வே. மெலிசா இருந்தா எவம் படிப்பான்?"

அந்த வெயிட்டை அன்றைக்குத்தான் முழுதாகப் பிரித்துப் பார்த்தேன். ரத்த தானம் செய்த அட்டை, தடுப்பூசிச் சான்றிதழ், அம்முவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கேஸ் இணைப்புப் புத்தகம்.

"நல்லவேள, எங்க கல்யாணப் பத்திரிகைய வைக்கல" என்றார் பிரபாவதி.

"வச்சிருக்கேன்" என்றார் சுயம்பு.

மிஷின் நின்றது. "இந்த மனுசன் கல்லத் தூக்கல தம்பி. அன்னைக்குக் குனிஞ்சு செருப்பு மாட்டக்கூட இவரால ஏலல. சிக் லீவுல வந்திருந்தாரு. இடுப்புல இம்மாம் அகலத்துக்குப் பெல்ட்டு. தூக்குனது எங்க நாத்தனா மாப்பிள்ள. இசக்கி."

இசக்கி, சுயம்புவின் தங்கை விஜயலட்சுமியின் கணவர். குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஆனால் அவர் அடுத்த ஊர்க்காரர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு குளமும் அந்தக் குளத்துக்காக ஒரு பழைய அடிதடியும் இருக்கின்றன. ஊரில் அது ஓய்ந்து இருபது வருடம் ஆகிறது. தாராவியில் ஓயவில்லை. அந்தப் பொங்கலன்று சங்கத்துப் பையன்கள் மூன்று பேர் கல்லை முழங்காலுக்கு மேல் கொண்டுவர முடியாமல் போட்டுவிட்டார்கள். விருந்துக்கு வந்திருந்த இசக்கி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு போய், தோளில் ஏற்றி, பின்பக்கம் போட்டார். பொதுஜனம் கை தட்டியது. சங்கம் தட்டவில்லை. எங்கள் கல்லை எதிரூர்க்காரன் தூக்கினான் என்று சான்றிதழில் எழுத எந்தக் கை வரும்? அரைமணி நேரம் கூடிப் பேசினார்கள். வேட்டியில் இருந்த சுயம்புவை இரண்டு பையன்கள் துணையோடு வீட்டுக்கு அனுப்பி யூனிஃபார்ம் மாட்டிவரச் சொன்னார்கள். பட்டாளத்துக்காரன் தூக்கினான் என்றால் எவனும் கேள்வி கேட்க மாட்டான்.

"நீங்க ஏன் வாங்குனீங்க அண்ணாச்சி?"

"ஊரு கூப்பிட்டுக் குடுக்கு. வேண்டாம்னா சொல்லுவாவ?"

"சிரிச்சுக்கிட்டே வாங்குனாரு" என்றார் பிரபாவதி. "அவரு தங்கச்சி மாப்பிள்ள கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. காறித் துப்பிட்டுப் போனவருதான். ஒம்பது வருசமாச்சு, நாத்தனாகூட இந்த ஏணியில கால வைக்கல."

வழி எளிது என்று நினைத்தேன். சான்றிதழ் பொய், கல்லைத் தூக்கியது வேறு ஆள் என்று செயலாளர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். கணேசபாண்டியனின் பாத்திரக்கடைக்குப் போனேன். ஊரும் பேரும் கேட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் டீயை நான் குடித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"சங்கம் பொய் சொல்லிச்சுன்னு சங்கமே எழுதிக் குடுக்கணுமா? நல்லா படிச்சிருக்கீரு வே."

"ஒரு மனுசனோட இடுப்பு அண்ணாச்சி. அவர் உங்க ஊர்க்காரர்தான்."

"இடுப்பு ஒருத்தனுக்கு. மானம் நானூறு குடும்பத்துக்கு."

"அன்னைக்கு வீடியோ எடுத்தீங்களே, அந்த சி.டி.யாவது குடுங்க."

"கரையான் அரிச்சிட்டு."

சி.டி.யை அரிக்கும் கரையானைப் பற்றி நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. அதைச் சொன்னேன். கடையை விட்டு இறங்கச் சொன்னார்.

அதைவிடக் கேவலம், சுயம்புவே கையெழுத்துப் போட மறுத்தது. 'நான் கல்லைத் தூக்கவில்லை, சான்றிதழை வாங்கியது தவறு' என்று அவர் பெயரில் ஒரு பத்திரம் தயார் செய்து நீட்டினேன். படித்தார். பேனாவை மேசையில் வைத்தார்.

"அன்னைக்கு ஒடம்பு நல்லா இருந்திருந்தா நான் தூக்கியிருப்பேன். அத எழுதும்."

"அதுக்குச் சட்டத்துல இடம் இல்ல."

"தூக்க முடியாதவன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? சாவுத வரைக்கும் முடியாது."

"அப்ப பத்தாவது வக்கீலப் பாருங்க" என்றேன். எனக்கும் வாய் இருக்கிறது. மூன்று தவணையில் எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். என் பெயர்ப் பலகை ஒரு பக்கம் சாய்ந்தது.

மறுநாள் பிரபாவதி போன் செய்தார். "கையெழுத்துப் போடுவாரு. நான் பேசிட்டேன்." என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. வந்து போட்டார். காகிதம் கிழிகிற அழுத்தத்தில் போட்டார்.

டிசம்பரில் விசாரணை. அரசுத் தரப்பு வக்கீல் நல்ல உடையும் கெட்ட சிரிப்பும் உள்ளவர். "மனுதாரர் தமக்குச் சாதகமாக இருந்தபோது சான்றிதழைக் கொடுத்தார். பாதகமானதும் அது பொய் என்கிறார். கல் தானாகவே எழுந்து தோளில் ஏறியிருக்கும் போலிருக்கிறது" என்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இங்கிலீஷில் நடந்த பேச்சு பாதிதான் புரிந்திருக்கும் என்றாலும் சிரிப்பு சுயம்புவுக்கு முழுதாகப் புரிந்தது. அவருடைய விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

நீதிபதி என்னைப் பார்த்தார். "இவர் தூக்கவில்லை என்றால் யார் தூக்கினார்? அவருடைய வாக்குமூலம் எங்கே?" பிப்ரவரிக்கு வாய்தா கொடுத்து, இதுவே கடைசி வாய்ப்பு என்றும் சொல்லிவிட்டார்.

இசக்கியைத் தேடி குர்லா போனேன். லேத் பட்டறையில் இரும்புத் தூளுக்கு நடுவில் நின்றார். சுயம்புவைவிட ஒரு சாண் குட்டை. தோள் மட்டும் இரண்டு ஆளுக்கு உள்ளது. நான் சொல்லி முடிக்கும்வரை மிஷினை அணைக்கவில்லை.

"ஒம்பது வருசம் கழிச்சு என் பேரு தேவப்படுதாக்கும்?"

"ஒரு பத்திரம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"கோர்ட்டுல இங்கிலீசுல எழுதி ஃபைலுக்குள்ள வைப்பீரு. எவனுக்குவே தெரியும்? அவன் எந்த எடத்துல நின்னு அந்த அட்டைய வாங்குனானோ, அதே எடத்துல நின்னு சொல்லச் சொல்லும். பொங்கலன்னைக்கு. மைக்குல. 'கல்லத் தூக்குனது இசக்கி'ன்னு. என் காதுல கேட்டா, மறுநா காலையில ஒம்ம ஆபீஸ்ல இருப்பேன்."

"அவர் சங்கத்த விட்டே தள்ளிவச்சிருவாங்க."

"என்னயத் தள்ளி வச்சாம்லா? நான் செத்தா போயிட்டேன்?" மிஷின் சத்தத்தைக் கூட்டினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சுயம்புவிடம் சொன்னபோது என்னைத் திட்டினார், இசக்கியைத் திட்டினார், இசக்கிக்குப் பெண் கொடுத்த தன் அப்பாவைத் திட்டினார். "கோர்ட்டுல சிரிச்சானுவ, பொறுத்துக்கிட்டேன். இனி தெருவும் சிரிக்கணுமா?"

"சிரிக்கட்டுமே" என்றார் பிரபாவதி, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "வேல செஞ்ச எடத்துல ஒடஞ்ச இடுப்ப, கல்லு தூக்கி ஒடச்சான்னு கவர்மெண்டு எழுதி வச்சிருக்கு. அது மட்டும் மானமாக்கும்?"

பொங்கலன்று வருவார், வரமாட்டார் என்று எந்தத் தகவலும் இல்லை. நான் போனேன். தெருவின் இரு ஓரமும் அடுப்புக்கல் வைத்துப் பெண்கள் பொங்கலிட்டுக்கொண்டிருந்தார்கள். புகையில் கண் எரிந்தது. சிமெண்ட் மேடையில் ஒலிபெருக்கி. மேடைக்குக் கீழே கல், எண்ணெய் தடவிச் சந்தனம் வைத்து. எதிர்ப் பக்கம் ஒரு பான் கடை ஓரத்தில் இசக்கி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

கணேசபாண்டியன் மைக்கில் கல் தூக்கும் போட்டிக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுயம்பு வந்தார். யூனிஃபார்ம் இல்லை. சட்டைக்கு மேலே இடுப்பு பெல்ட்டைக் கட்டியிருந்தார், எல்லோருக்கும் தெரியும்படி. பின்னால் பிரபாவதியும் அம்முவும். மேடையின் மூன்று படியை ஏற அவருக்கு ஆன நேரத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"வாங்க, வாங்க, நம்ம வீரத்திருமகன்..." என்று ஆரம்பித்தார் கணேசபாண்டியன். சுயம்பு அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் கேளுங்க. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல இந்தக் கல்ல நான் தூக்கல."

மைக் செத்தது. செயலாளர் வயரைப் பிடுங்கியிருந்தார். அவர் மறந்துபோனது ஒன்று: எதிரில் நிற்பது டிரில் மாஸ்டர். சுயம்பு மைக்கைக் கீழே வைத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போகும் குரல் வந்தது.

"கல்லத் தூக்குனது என் மாப்ள இசக்கி! நான் இதே பெல்ட்டக் கட்டிக்கிட்டு நாற்காலியில கெடந்தேன்!"

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "அப்பம் எதுக்குல வாங்குன?"

"வெக்கங்கெட்டுப் போயி வாங்குனேன்!"

விசில் பறந்தது. "எறக்குங்கல அவன!" என்று ஒரு பக்கம், "பேசட்டும்ல!" என்று இன்னொரு பக்கம். கணேசபாண்டியன் சுயம்புவின் சட்டையைப் பிடித்தார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"இசக்கி தூக்குனான்னு இங்க எந்தப் பயலுக்குல தெரியாது? எல்லாவனுக்குந்தான் தெரியும்! ஒம்பது வருசமா ஊரே வாய மூடிக்கிட்டு இருக்கம்லா? ஒனக்கு மட்டும் ஏம்ல அரிக்கி?"

அவர் குரலுக்கும் மைக் தேவைப்படவில்லை. மேடைக்கு நேர் கீழே அம்மு போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதைப் பதிவு செய்யத் தெரிந்திருந்தது. பத்திரம் தர மறுத்த செயலாளர், பத்திரத்தில் எழுதச் சொல்லி நான் கெஞ்சிய வாக்கியத்தை நடுத்தெருவில் சொல்லிவிட்டார்.

நான் பான் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இசக்கி போய்விட்டிருந்தார்.

மாலைக்குள் சங்கம் கூடியது. சுயம்பு குடும்பத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் போவதில்லை, வருவதில்லை. "அம்மு கல்யாணத்துக்கு ஒரு நாதி வராது" என்று சொல்லி அனுப்பினார்கள். "சாப்பாடு மிச்சம்" என்று பதில் சொல்லி அனுப்பினார் பிரபாவதி.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு நான் அலுவலகம் திறக்க வந்தபோது இசக்கி படியில் உட்கார்ந்திருந்தார். நான் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இன்னொண்ணும் போடும். அன்னைக்கு அவனால தனியா நாற்காலியிலேந்து எந்திரிக்க ஏலல. நாந்தான் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சேன். வச்சிட்டுத்தான் கல்லுகிட்ட போனேன்."

இவ்வளவு பெரிய சாட்சியத்தை ஒன்பது வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். எழுதிக்கொண்டேன். "அண்ணாச்சிகிட்ட சொல்லட்டுமா?"

"அவனுக்காவ சொல்லல. நடந்தது நடந்த மாதிரி இருக்கணும். அவன் வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன். அதயும் வேணும்னா எழுதும்."

அதை எழுதவில்லை.

பிப்ரவரி விசாரணையில் வீடியோவை மொழிபெயர்ப்போடு கொடுத்தேன். அரசு வக்கீல், சத்தத்தில் ஒன்றும் தெளிவாக இல்லை என்றார். நீதிபதி இரண்டு முறை போட்டுக் கேட்டார். தமிழ் தெரியாதவருக்கும் கணேசபாண்டியனின் கோபம் புரிந்தது. பொய் சொல்பவன் அவ்வளவு எரிச்சலோடு சொல்ல மாட்டான்.

ஜூலையில் உத்தரவு வந்தது. பதினான்கு பக்கம். சேரும்போது ஆரோக்கியமாக இருந்த ஒருவருக்குப் பணியில் இருக்கும்போது வந்த கோளாறு, பணியால் வந்ததல்ல என்று சொன்னால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். மருத்துவக் குழு ஒரு காரணமும் எழுதவில்லை. அரசுத் தரப்பு பிடித்துக்கொண்டிருந்த கல்லையோ வேறொருவர் தூக்கியிருக்கிறார். ஊனம் பணியால் ஏற்பட்டதே. ஐம்பதுக்குக் குறைந்த ஊனத்தை ஐம்பதாக எடுத்துக்கொள்ளும் விதிப்படி, இருபது சதவீதத்தை ஐம்பதாகக் கணக்கிட்டு வழங்க வேண்டும்.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் பெரிய வழக்கு. சுயம்பு ஒரு கைகூடக் கொடுக்கவில்லை.

"பாக்கி எந்த வருசத்துலேந்து?"

"மனு போட்டதுக்கு மூணு வருசம் முன்னாலேர்ந்து. அதுதான் வழக்கம்."

"ஒடஞ்சது பதினாலுல. மூணு வருசத்துக்கு முன்னாலயா ஒடஞ்சுது? நீரு சரியாப் பேசல." கொஞ்ச நேரம் முனகிவிட்டு, "அவன் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றார்.

"ஏழாவது பக்கம்."

ஒரு வாரம் கழித்து அதே ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். "குர்லா பக்கம் போனீருன்னா இத அவன்ட்ட குடும். நான் குடுத்தேன்னு சொல்லாதீரும்."

உத்தரவின் பதினான்கு பக்கங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக லேமினேஷன் செய்யப்பட்டது.

"ஏழாவது பக்கம் மட்டும் போதுமே அண்ணாச்சி?"

"வெயிட்டா இருக்கட்டும் வே."

இசக்கி லேத்தை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பையைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"யாரு குடுத்தா?"

"நான்தான் கொண்டுவந்தேன்."

"பொய் சொல்லாதீரும். வக்கீலு ஒரு தாளுதான் குடுப்பான். இப்பிடிப் பதினாலயும் கண்ணாடித் தாளுக்குள்ள அடச்சுக் கொண்டாரதுக்கு எங்க குடும்பத்துல ஒரே ஒரு கோட்டிக்காரந்தான் இருக்கான்." ஏழாவது பக்கத்தை உருவினார். தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். எண்ணெய்க் கையால் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்து, பட்டறை அலமாரிக்குள் நிமிர்த்தி வைத்தார். மிச்சப் பதின்மூன்றையும் பைக்குள் திணித்து என்னிடம் தள்ளினார்.

"இத அவன் தலையிலயே கொண்டு போடும்."

கொண்டுபோய்ப் போட்டேன். சுயம்பு ஏணியின் மேல்படியில் நின்று பக்கங்களை எண்ணிப் பார்த்தார். எட்டு ஆறுக்கு அடுத்து வந்தது.

"எடுத்துக்கிட்டானா?"

"எடுத்துக்கிட்டார்."

"களவாணிப் பய" என்றார் சுயம்பு. பையை வாங்கிக்கொண்டு, மெதுவாகத் திரும்பி உள்ளே போனார்.